செல்வி அக்கா போட்ட கையெழுத்து

ஆவணி, வியாழன் இரவு

பாஸ்போர்ட் முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது, ஆறு மாதம் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றதால் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். மஸ்கட்டில் அவர் வீடு பார்த்துவிட்டுக் காத்திருக்கிறார். இன்று போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். பக்கத்து வீட்டிலும் கேட்கணும் என்றார். சாக்கடைத் தண்ணீருக்காகச் சண்டை போட்டதிலிருந்து பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவும் நானும் பேசுவதே இல்லை.

போலீஸ்காரர் கூப்பிட்டதும் அக்கா தறியை நிறுத்திவிட்டு வந்தாள். "தங்கமான பிள்ளை சார். புருசன்கிட்ட சீக்கிரம் அனுப்பி வைங்க" என்று கையெழுத்துப் போட்டாள்.

போலீஸ்காரர் போனதும் நான் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, என்ன முழிக்கே? காப்பி போடு."

குடித்துக்கொண்டே, மஸ்கட்டில் மழை பெய்யுமா என்று கேட்டாள்.

"தெரியலக்கா. போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன்.