மணலாற்றின் இந்தக் கரை

அக்டோபர் 6

நவம்பர் சுற்றுலாப் பயணத்தை மசாவே இன்று என் தலையில் கட்டிவிட்டார். முதலாளி அல்லவா, கேட்பது போலவே கட்டுவார். கடற்கரை ஊரான தாங்காவிலிருந்து இரண்டு சகோதரிகள், இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. முதலில் தரங்கிரே சரணாலயத்தில் யானைகள், பிறகு நாட்ரோன் ஏரியில் பூநாரைகள். மழை தொடங்கும் நேரம், விடுதிகள் காலி, நம் ஊர்க்காரர்களுக்கும் கட்டுப்படியாகும். அதனால்தான் வருகிறார்களாம்.

ஏரிக்கு நாங்கள் போகும் பாதை ஒன்றுதான். அந்த மணலாற்றைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வேறு ஓட்டுநரைப் போடுங்கள் என்றேன். "ஒரு வருஷமா ஆபீஸ்ல உக்காந்து சீட்டு எழுதிக்கிட்டிருக்க. ஓட்டுறதா இருந்தா சொல்லு, இல்லன்னா அதையும் சொல்லிடு. ரெண்டுங்கெட்டானா இருக்காத," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அக்டோபர் 7

எழுதிவிடுகிறேன். ஒரு தடவையாவது.

போன நவம்பர். ஏரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். விருந்தினர் மூன்று பேருக்கு மாலையில் விமானம். மணலாற்றில் முழங்கால் அளவு தண்ணீர். சமையல்காரர் லோத்தா அண்ணன் பின்னாலிருந்து, "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், தங்கச்சி," என்றார். நான் வண்டியை ஆற்றில் இறக்கினேன். பாதி தூரத்தில் சேறும் மரக்கட்டையுமாகத் தண்ணீர் வந்தது. வண்டி சாய்ந்தது. லோத்தா அண்ணன் பின்கதவைத் திறந்து மூன்று பேரையும் கூரைமேல் ஏற்றிவிட்டார். அவர் ஏறுவதற்குள் ஆறு அவரைக் கொண்டுபோய்விட்டது.

மாடு மேய்ப்பவர்கள் கயிறு போட்டு எங்களைக் காப்பாற்றினார்கள். அவரைக் கீழே ஒரு முள்மரத்தில் சிக்கியவராகக் கண்டுபிடித்தோம். தோளெலும்பு முறிந்து, மூன்று மாதம் படுக்கை. இடது கை இன்றும் தோளுக்கு மேல் தூக்க வராது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அவரும்தான். இப்போது கிஜெங்கே சந்தையில் தேநீரும் சப்பாத்தியும் விற்கிறார். நான் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அக்டோபர் 11

சகோதரிகளில் இளையவர் சுஹூரா அம்மாவோடு தொலைபேசியில் முக்கால் மணி நேரம். நாற்பது வருடம் தபால் நிலையத்தில் வேலை. "நாப்பது வருஷமா தபால்தலை யானைய நாக்கால நக்கி ஒட்டியிருக்கேன், பொண்ணே. ஒரு தடவ நேர்ல பார்த்துட்டு சாகுறேன்." பிறகு கேள்விகள். கழிப்பறை உட்காரும்படி இருக்குமா? சிங்கம் கூடாரத்தை மோப்பம் பிடிக்குமா? மழை வந்தால் யானை எங்கே ஒதுங்கும்?

பின்னாலிருந்து அக்கா முவானஜுமாவின் குரல்: "யானை ஒதுங்குற எடத்த விடு, நாம ஒதுங்குற எடத்தக் கேளு."

தையல்காரர் அவர். விலங்குகள் நாறும் என்று நினைக்கிறார். தங்கையைத் தனியே அனுப்ப மனம் வராமல் கூட வருகிறார். ஒரே நிபந்தனை: பதின்மூன்றாம் தேதி காலைப் பேருந்தில் தாங்கா திரும்பியே ஆக வேண்டும். பதினான்காம் தேதி பேத்திக்கு நிக்காஹ். கல்யாண உடுப்பின் கீழ்மடிப்பு இன்னும் தைக்கவில்லை, வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

குறித்துக்கொண்டேன். போன தடவை விமானம், இந்தத் தடவை பேருந்து. மற்றதெல்லாம் அதேதான், இல்லையா?

அக்டோபர் 15

கிளம்பும் நாளை மூன்று தடவை மாற்றி எழுதினேன். சீக்கிரம் போனால் வெறும் புழுதி. பிந்தினால் மழை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், யானைகள் ஆற்றங்கரையை விட்டுக் கலைந்துவிடும். ஒன்பதாம் தேதி கிளம்புவதுதான் சரி.

ஏரியை விட்டுவிடச் சொல்லிப் பார்த்தேன். சுஹூரா அம்மா, "பூநாரை தபால்தலை ஒண்ணு இருந்துச்சு," என்றார். ஏரியையும் பட்டியலில் எழுதினேன்.

அக்டோபர் 19

சமைக்க ஆள் இல்லை. இருந்தவன் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டான். மசாவே என்னையே பார்த்தார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சந்தைக்குப் போனேன். லோத்தா அண்ணன் கல்லில் சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டிருந்தார், வலது கையால். பலகையில் நான்கு பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பயணத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சமைக்கக் கூப்பிட வந்தியா, மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் அண்ணே."

"அப்ப ரெண்டாவத மொதல்ல செய்யி."

அங்கேயே, அந்த நான்கு பேர் முன்னால் கேட்டேன். எப்படியெல்லாமோ யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. நீங்க பொறுக்கச் சொன்னீங்க, நான் கேக்கல, என் தப்பு — அவ்வளவுதான். குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள். அவர் ஒரு சப்பாத்தியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஒரு வருடம். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடமா ஆக வேண்டும்?

அக்டோபர் 21

வருகிறார்!

ஆனால் ஒன்று சொன்னார். "ஆத்தங்கரையில எங்கிட்ட எதுவும் கேக்காத. நான் வாயே தொறக்க மாட்டேன். போன தடவ தொறந்தேன்."

நவம்பர் 3

முதல் மழை. பத்து நிமிடம்தான். தெருவே மண்வாசனை.

நவம்பர் 9, தரங்கிரே

எதிர்பார்த்தபடியே யானைகள் இன்னும் போகவில்லை. ஆற்றில் நாற்பதுக்கு மேல். சுஹூரா அம்மா வண்டியின் கூரைத் திறப்பில் நின்றபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். "இத்தனூண்டு தாள்ல போட்டு என்னய ஏமாத்திப்புட்டானுங்க," என்றார்.

முவானஜுமா அம்மா மூக்கில் துணியோடு உட்கார்ந்திருந்தார். மாலைக்குள் துணி மடிக்கு வந்துவிட்டது. குட்டி யானையின் கால் தோல் தொளதொளவென்று இருக்கிறதாம், தைத்தவன் அளவு எடுக்கவில்லை என்றார்.

இரவுச் சாப்பாடு பிலாவ், கறியும் மசாலாவும் போட்ட சோறு. லோத்தா அண்ணன் தேவைக்கு மேல் என்னிடம் பேசவில்லை. ஆனால் என் தட்டில் கறி அதிகம் இருந்தது.

நவம்பர் 11, நாட்ரோன்

போகும்போது மணலாறு காய்ந்து கிடந்தது. வெறும் மணல். இருந்தும் முதல் கியரிலேயே ஊர்ந்து தாண்டினேன். ஏரியில் கரையோரமெங்கும் பூநாரைகள். சகோதரிகள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மலைமேல் மேகம் கட்டுகிறது.

நவம்பர் 12, மாலை. வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன்



மதியம் ஒரு மணிக்கு ஆற்றுக்கு வந்தோம். எங்கள் தலைக்கு மேல் வெயில். மேற்கே மலைமட்டும் கறுத்திருந்தது. ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. ஆனால் பழுப்பாக, நுரையோடு, சுள்ளிகளை இழுத்துக்கொண்டு வந்தது. முன்னால் நின்ற வண்டி ஒன்று இறங்கி, ஒரு நிமிடத்தில் அக்கரை ஏறி, கையசைத்துவிட்டுப் போனது.

மசாவேயைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "அந்த வண்டி போயிடுச்சுல்ல? காலைப் பஸ்ஸு போயிடும்மா," என்றார். முவானஜுமா அம்மா பின்னாலிருந்து, "இதென்ன ஆறா? எங்க வீட்டு வாசல்ல மழை பெஞ்சா இதவிட ஓடும். போ பொண்ணே," என்றார்.

கண்ணாடியில் லோத்தா அண்ணனைப் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் வண்டியை அணைத்தேன். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "போகல. தண்ணி என்ன செய்யப்போகுதுன்னு எனக்குத் தெரியாது. தெரியிற வரைக்கும் எறங்க மாட்டேன்."

முவானஜுமா அம்மா என்னைத் திட்டினார். கடலோர மக்களின் வசவு, பூ வைத்த மாதிரி இருக்கும், உள்ளே ஊசி. உடுப்பு வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது, பிள்ளை மடிப்புத் தைக்காத உடுப்போடு நிற்கப்போகிறாள், எல்லாம் இந்தக் கோழையால் என்றார். சரிதான் அம்மா என்றேன்.

பதினைந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தப் பதினைந்து நிமிடம்தான் மிகக் கொடுமை. முட்டாளாகிவிட்டேனோ? பயத்துக்குப் புத்தி என்று பேர் வைத்துக்கொண்டேனோ?

பிறகு சத்தம் வந்தது. லாரிகள் வரிசையாக வருவது போல. வளைவில் ஒரு முழு மரம் வேரோடு புரண்டு வந்தது. அதன் பின்னால் ஆறு. நாங்கள் இறங்க இருந்த இடத்தில் என் தலைக்கு மேல் தண்ணீர்.

லோத்தா அண்ணன் இறங்கிப் பின்கதவைத் திறந்தார், அடுப்பை எடுத்தார். "வெங்காயம் உரிக்கத் தெரியுமா உனக்கு? வா," என்றார்.

உரித்தேன். கண்ணீர் வந்ததற்கு அது வசதியாக இருந்தது. அவர் சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: "நீ மட்டும் வண்டிய எறக்கியிருந்தா, நான் கதவத் தொறந்து குதிச்சிருப்பேன். வாய் மட்டும் தொறந்திருக்க மாட்டேன்."

"வீம்பு அண்ணே உங்களுக்கு."

"ஆமா," என்றார்.

நவம்பர் 13

விடிந்ததும் தண்ணீர் வடிந்திருந்தது. லோத்தா அண்ணன் தடியால் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். கெண்டைக்கால் அளவு. நடுவில் நின்று திரும்பி, வா என்று கையசைத்தார். அவர் நடந்த தடத்திலேயே ஓட்டினேன்.

காலைப் பேருந்து போய்விட்டது. மதியப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். முவானஜுமா அம்மா படியேறும்வரை என்னோடு பேசவில்லை. ஏறியபின் சன்னல் வழியாக என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "தையல் விட்டிருக்கு. யாரு தச்சது இத?" என்றார். கையை விடச் சற்று நேரம் ஆனது.

நவம்பர் 14

இதுவரை செய்தி இல்லை. உடுப்பு? பேருந்து வழியில் நின்றிருந்தால்?

மாலை ஐந்து மணி. சுஹூரா அம்மா படம் அனுப்பியிருக்கிறார். மணப்பெண், தரையைத் தொடும் உடுப்பு, மடிப்பு நூல் பிடித்த மாதிரி நேராக. பக்கத்தில் நாற்காலியில் முவானஜுமா அம்மா, வாய் திறந்தபடி நல்ல தூக்கம். இராத்திரி வந்திறங்கி விடியும்வரை தைத்தாராம்.

அப்பாடா.

நவம்பர் 22

காலையிலிருந்து மழை. டிசம்பர் பயணத்துக்குச் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். லோத்தா அண்ணன் அலுவலகத்துக்குள் வந்து குடையை மடக்கினார். நல்ல கூட்ட நேரத்தில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். யார் ஓட்டுகிறார்கள் என்று மசாவேயிடம் கேட்டார். மசாவே என்னைக் காட்டினார்.

அவர் என் எதிரில் உட்கார்ந்து பட்டியலைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்துக்கொண்டு படித்தார்.

"வெங்காயம் பத்தாது. இன்னும் நாலு கிலோ சேத்து எழுது."

எழுதினேன்.