ஐந்தாவது சரணத்தை வாசித்துவிட்டேன்

அண்ணை,

என் ஈரக் கை பட்டு மை ஊறிய உங்கள் தாளை இன்று விரித்து, விரல் வைத்து, எழுத்தெழுத்தாக முழுதும் வாசித்தேன். நான் எழுபத்தெட்டு வயதில் வகுப்புக்குப் போய்ப் பழகிய எழுத்து. நாலு வரிக்கு ஒரு மணித்தியாலம். சந்தோசத்தில் எழும்பித் தேத்தண்ணி போட்டேன். குடிக்க முடியவில்லை.

கனடா வந்து மிசிசாகா ஹோட்டலில் நாங்கள் கோப்பை கழுவிய காலம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தை ஒழிக்கக் கூட்டங்களில் பாடிய பாட்டுகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். எல்லோருக்கும் தெரிந்த தேவாலய மெட்டிலேயே அவர்கள் புதுச் சொல்லை ஏற்றினார்களாம். எழுத்துத் தெரியாதவனும் உடனே சேர்ந்து பாடலாம். நீங்கள் நம் கூத்து மெட்டில் ஏற்றினீர்கள். நாலு சரணத்தை நான் காதால் பிடித்தேன்.

வாசிக்கப் பழகிய அடிமைக்குச் சில இடங்களில் சவுக்கடி விழுந்தது என்று ஒருநாள் சொன்னீர்கள். நுரைக்குள் கையை விட்டு அடுத்த கோப்பையை எடுத்தேன். என்னை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் விடவில்லை என்று சொன்னால், எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். பிறகு என் கையால் தேத்தண்ணி வாங்குவீர்களோ என்று பயம்.

நூலகத்தில் நாங்கள் அதைப் பாட இருந்த கிழமை இந்தத் தாளை நீட்டினீர்கள்.

"ஐஞ்சாவது சரணம் நீர்தான் பாடவேணும். வாசிச்சுப் பார்த்துச் சொல்லும்."

அடுத்த நாள், "வாசிச்சனான் அண்ணை, நல்லாயிருக்கு" என்றேன். என் கையைப் பிடித்து அழுதீர்கள். ஏனென்று விளங்கவில்லை.

பாடும் நாளில் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டு வீட்டில் இருந்தேன். நாலாவது சரணம் முடிந்ததும் நீங்கள் வாசலையே பார்த்து நின்றதாக உங்கள் மனைவி பிறகு சொன்னா. ஐந்தாவதை யாரும் பாடவில்லை. அந்த மாரியிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். இன்று நான் வாசித்த சரணம் இது:

கடல்கடந்த விலங்கையெல்லாம் பாட்டில் உடைத்தேன்,
என் வளவு வேலியிலே ஒருவன் நின்றான்;
படலையைத் திறக்க என் வாய் எழவில்லை,
பாடட்டும் அவன் இன்று, கேட்டு நிற்பேன்.

என்னை யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நீங்கள் ஊரைக் கேட்கவேயில்லை. என் "நல்லாயிருக்கு" உங்களுக்கு மன்னிப்பாகக் கேட்டிருக்கும். நான் வராதபோது அதைத் திருப்பி எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே செத்திருப்பீர்கள். அதைத்தான் இனிச் சுமக்கிறேன்.

இப்போது உண்மையாகவே வாசித்துவிட்டுச் சொல்கிறேன், அண்ணை. மூன்றாவது வரி பிழை. படலையைத் திறப்பது வாய் அல்ல, கை. பென்சிலால் திருத்தியிருக்கிறேன். மற்ற மூன்று வரியும் நல்லாயிருக்கு.