திறக்காத டின்

அன்புள்ள அண்ணா,

காலையில் உன் கப்பல் கிளம்பக் கூடாது. கேப்டனிடம் உடனே சொல்.

கப்பலின் அடியில் கடலின் ஆழத்தைக் கேட்டுச் சொல்லும் சோனார் வட்டுக்கு அப்பாதான் பெயிண்ட் அடித்தார். சிப்பி ஒட்டாமலிருக்க அதற்கென்று தனி பெயிண்ட், மெல்லிசாக ஒரே பூச்சு என்று நீதானே எனக்குச் சொன்னாய். அப்பா அந்த டின்னைத் திறக்கவே இல்லை, அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கப்பல் உடம்புக்கு அடிக்கும் செம்புப் பெயிண்டையே மூன்று பூச்சு அப்பிவிட்டு வந்திருக்கிறார்.

"என் பல்லை உடைச்சவன் கப்பல் செவிடாப் போகட்டும். பாறை எங்க இருக்குன்னு முட்டித் தெரிஞ்சுக்கட்டும்" என்று சாப்பிடும்போது சிரித்தார்.

"அவன் நீங்க பெத்த பிள்ளையாச்சே" என்றாள் அம்மா. தட்டு பறந்தது. அவள் நெற்றியில் துணி கட்டியிருக்கிறேன். ரத்தம் நின்றுவிட்டது.

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. வலது கையைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு வாட்ச்மேன் மாமா விடிகாலை நான்கு மணிக்கு டாக்குக்கு வேலைக்குக் கிளம்புவார். கடிதத்தோடு டின்னையும் அவரிடம் கொடுக்கிறேன். மூடி உடையாததைப் பார்த்தால் கேப்டன் நம்புவார். விடிந்ததும் அப்பா அதைத் தேடுவார். யார் எடுத்தது என்று கேட்கமாட்டார், அவருக்குத் தெரியும்.

அவரை அடிக்க வராதே. எங்களைக் கூட்டிப்போக வா.

உன்
எலிக்குஞ்சு