இரண்டாவது நபர்

அக்டோபர் 7, செவ்வாய்

போன வாரம் துவைத்த துணியே இன்னும் காயவில்லை. பாலர் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி. மூக்குத் துடைத்தே கை ஓய்ந்துவிட்டது.

மாலையில் எஸ்டேட் ஆபீஸ் கிராணி பக்கிரிசாமி பள்ளிக்கே வந்தார். டிப்ளோமா இல்லாதவரை அடுத்த வருடம் டீச்சராக வைக்க முடியாதாம். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். என் கணவர் மகேன் ஃபேக்டரி லோரி ஓட்டியவரை வீடு அவர் பெயரில் இருந்தது. பிப்ரவரியில் அவர் இறந்த பிறகு, என் வேலைக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறார்கள். "துரைகிட்ட நானும் பேசிப் பாத்துட்டேம்மா. பரீட்சைய மட்டும் பாஸ் பண்ணிடு லா," என்றார்.

அத்தையை எங்கே கூட்டிப் போவேன்? மகனைப் பெற்றதும் பறிகொடுத்ததும் இதே வீட்டில்தான் அவருக்கு.

அக்டோபர் 9, வியாழன்

டிப்ளோமா பரீட்சை சனிக்கிழமை, வீட்டிலிருந்தே. பள்ளியில் கூட வேலை பார்க்கும் ரூபினி டீச்சரிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பில் பதில் எழுத வேண்டும். போனை எதிரே நிறுத்தி, கேமராவை என் பக்கம் திருப்ப வேண்டும். எழுதி முடிக்கும்வரை அது என் படத்தைக் கல்லூரி சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அறையில் வேறு ஆள் கூடாது. எழுந்து போகவும் கூடாது.

இன்று ஒத்திகை பார்த்தேன். லைன் கிடைப்பது முன்னறை சன்னலோரம் மட்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டினால் முகம் இருட்டாகிவிடுகிறது, சர்வர் ஏற்கவில்லை. சன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன், ஏற்றுக்கொண்டது. பின்னால் சுவர், மாலை போட்ட மகேன் படம்.

அக்டோபர் 11, சனி

எழுதிவிட்டேன். மோசமில்லை.

நான் உட்காரும் முன்பே அத்தை படத்துக்குப் புது மாலை போட்டு, மேலே இருக்கும் சின்ன பல்பையும் போட்டுவிட்டிருந்தார். "அவன் தொணைக்கி இருக்கான், நீ எழுது," என்று சொல்லிவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டார். இருமல்கூடக் கேட்கவில்லை, பாவம். நடுவில் போனில் ஏதோ சிவப்பாக வந்து போனது. படிக்க நேரமில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

கல்லூரியிலிருந்து மெயில். என் தாளை நிறுத்திவைத்திருக்கிறார்கள். காரணம்: அறையில் இரண்டாவது நபர்.

எந்த நபர்? பூனைகூட இல்லையே உள்ளே. என்னைப் போயி ஏமாத்துக்காரின்றானுங்க. ஏமாத்தத் தெம்பு வேணாமா எனக்கு? சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

அக்டோபர் 15, புதன்

கல்லூரிக்கு போன் செய்தேன். ஹஸ்லினா என்ற அதிகாரி மலாயில் பேசினார். சர்வரில் இருந்த படத்தை எனக்கு அனுப்பிவைத்துவிட்டு, "உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஆண் யார்?" என்று கேட்டார்.

என் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம், மகேன் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம். பல்பு வெளிச்சத்தில் என்னைவிட அவர்தான் தெளிவாக இருந்தார்.

"என் கணவர்," என்றேன்.

"அவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும்."

பிப்ரவரியிலேயே போய்விட்டார் என்றேன். மேலதிகாரியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, மாலையில் அவரே கூப்பிட்டார். மறுபரீட்சை நவம்பர் முதல் தேதி. சுவரில் முகம் எதுவும் இருக்கக் கூடாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன்.

அத்தையிடம் சொன்னேன். "வருசம் திரும்பாம படத்த எறக்கக் கூடாது," என்றார். துணி போட்டு மூடலாமா என்றேன்.

"மூஞ்சிய மூடறது பொணத்துக்கு. எம் மவனுக்கு ஒரு வாட்டி மூடுனது பத்தாதா?"

"வீடு போயிடும் அத்தை."

"போவட்டும்."

போவட்டுமாம். "மூட்டையத் தூக்கப் போறது நான்தானே," என்று கத்திவிட்டேன். இருவரும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. துக்க வருடம், எங்களுக்கு இல்லை. கிராணி வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. அத்தையும் நானும் ஒரே தட்டில் எடுத்துத் தின்றோம்.

அக்டோபர் 27, திங்கள்

அத்தை திடீரென்று கேட்டார். "அன்னிக்கு நான் லைட்டு போடாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா?"

இல்லை அத்தை, உங்களால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. துணி மடிக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 1, சனி

காலையில் இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்க நினைத்திருந்தேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். நான் பிடிக்கப் போனேன். "நீ தொடாத. நானே எறக்குறேன்," என்றார். படத்தைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வெளியே வாசற்படியில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

போனைத் திருப்பினேன். "ஒரு நபர். தொடரலாம்" என்று வந்தது.

எனக்குத் தெரியாதா? அதைச் சர்வர் வேறு சொல்ல வேண்டுமா?

கண் நிறைந்துவிட்டது. துடைத்தால் அதற்கும் ஏதாவது சொல்வார்களோ என்று துடைக்காமலே எழுதினேன். வெளியே யாரையோ அத்தை தடுப்பது கேட்டது. "உள்ள போவாதடி. மருமவ பரீட்ச எழுதுது."

முடித்துக் கதவைத் திறந்தபோது தூறல். அத்தையின் முதுகு நனைந்திருந்தது. படத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை.

நவம்பர் 19, புதன்

பாஸ்.

கிராணியிடம் காட்டிவிட்டு வந்தேன். வீட்டை என் பெயருக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னார். அத்தையிடம் சொன்னபோது தலையாட்டிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். படம் இப்போது அவர் படுக்கைப் பக்கத்தில்தான் இருக்கிறது. மறுபடி முன்னறையில் மாட்ட அவரே வேண்டாம் என்றுவிட்டார், எனக்கு இனியும் பரீட்சை ஏதாவது வருமாம்.

சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தை மெதுவாகப் பேசுவது கேட்டது.

"மகேனு, வீடு தனுஜா பேருக்கு வந்துருச்சிடா. நீ கவலப்படாத. அவள நான் பாத்துக்குறேன்."

அரிசியைக் களைந்தபடியே அழுதேன். இன்றைக்குச் சீக்கிரம் படுக்கப் போகிறேன்.