கொழுந்தனாருக்கு வாங்கின டீ கெட்டில்

மாமா,

நீங்க அசந்து தூங்குறீங்க, எழுப்பல. நாளைக்கு உங்க தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், கூடமாட ஒத்தாசைக்கு நான் இப்பவே சிதம்பரம் பஸ் ஏறுறேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாயந்திரம் கிளம்புறப்ப சாவிய எதிர்வீட்டு அனிதாகிட்ட குடுத்துடுங்க.

அறிவழகன் ஆர்க்கிடெக்ட், அவருக்குக் கண்டதையும் குடுக்கக் கூடாதுன்னு பாண்டிச்சேரி பூரா அலைஞ்சு அந்தப் பீங்கான் டீ கெட்டில வாங்குனீங்க. "கைப்பிடி வளைவப் பாரு செல்வி"ன்னு ஆசையா தடவிப் பாத்தீங்க. என் பொறந்த நாளுக்கு குக்கர் ரப்பர் வாங்கியாந்ததும் இதே கைதானேன்னு கேட்டேன். அதுக்குப் போய் நேத்து அவ்ளோ கோவம்!

இப்பதான் உங்க தம்பி போன் பண்ணாரு. "அண்ணி, முன்னாடியே வீட்டப் பாக்க வர்றவங்கல்லாம் டிசைன் டிசைனா கெட்டில் குடுக்குறாங்க. நாங்க காபிதான் குடிப்போம். சட்னி அரைக்க ஒரு மிக்ஸி இல்ல"ன்னு அழாத குறை.

அதனால மஞ்சக்குப்பத்துல ஒரு மிக்ஸி வாங்கிட்டு வாங்க. கெட்டில் வேணாம். அதுல நான் டீ போட்டுக் குடிச்சாச்சு.

செல்வி

பி.கு: உங்க டீ பிளாஸ்க்ல இருக்கு. கெட்டில்லேர்ந்து ஊத்துறப்ப ஒரு சொட்டு சிந்தல. உங்களுக்கு ரசனை ஜாஸ்திதான் மாமா, குடுக்க வேண்டிய ஆளத்தான் மாத்திட்டீங்க.