நேரத்துக்கு முன் ஊதிய சங்கு

என் உயிருக்குயிரான ராக்கம்மா மதினிக்கு,

அன்றைக்கு ஹேவாஹெட்ட ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களை இன்னும் வரிசையாகச் சொல்வேன். முன்னால் நீ. உன் வலப்பக்கம் நான். பின்னால் மேட்டு லயத்துப் பாக்கியம், பிள்ளைத்தாய்ச்சி செல்வி, அவளுடைய மாமியார், நம் மலையில் கொழுந்து பறித்த மற்றப் பெண்கள் எல்லாரும். எதிரே ஆமிக்காரர்கள், நாம் குடியிருந்த லயத்து வீடுகளை இடிக்க வந்த லொறிகள். தேயிலை அரைக்கும் ஸ்டோரில், ஆலைச் சங்கு ஊதும் வேலையில், உன் புருஷன், என் அண்ணன் முத்துச்சாமி.

"என்ன ஆனாலும் எந்திரிக்கக் கூடாதுடி" என்றாய். காலையிலிருந்து யாரும் எழவில்லை. உட்கார்ந்திருக்கும் பெண்களை அடிக்க அந்தப் பையன்களுக்கும் கை வரவில்லை. ஒருவன் செல்விக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தான்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

மத்தியானச் சங்குக்குப் பிந்தினால் கொழுந்து நிறுக்கமாட்டார்கள். எத்தனை வருசப் பழக்கம், மதினி. புத்தி சொல்வதற்குள் கால் எழுந்துவிட்டது. எல்லாரும் எழுந்து கூடையைத் தேடினோம். பாய வருகிறோம் என்று நினைத்தார்களோ, அதற்குத்தான் காத்திருந்தார்களோ, துவக்குப் பிடியால் அடித்தார்கள். நீ மட்டும் சங்குக்கு எழவில்லை. எங்களை உட்கார வைக்கத்தான் எழுந்தாய். அடி உன் தலையில் விழுந்தது. அதன்பின் நீ எழவே இல்லை.

மத்தியானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"தோட்டத்துத் தொர ஊதச் சொன்னாரு தங்கச்சி. சங்கு கேட்டா எல்லாம் வேலைக்குப் போயிருவாங்கன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று அண்ணன் அழுதான்.

ஸ்டோர் சன்னலிலிருந்து ரோடு தெரியுமே. ஏன் எட்டிப் பார்க்காமல் ஊதினான்?

போன கிழமை கண்டிக் கச்சேரி ஆபீஸ் வாசலில், குடியிருக்கும் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு நம் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். உன் பேத்தி சுதாதான் முன்வரிசை. துவக்கோடு ஆமியும் நின்றது. நானும் பஸ் ஏறிப் போனேன்.

"எந்தச் சத்தம் கேட்டாலும் எந்திரிக்காதீங்க" என்றேன்.

"ஒங்களால எந்திரிக்க முடியுமா பாட்டி?" என்று சிரித்தாள். உன் சிரிப்பு.

பொழுது சாயும்வரை ஒருத்தியும் எழவில்லை. யாரும் கையை ஓங்கவுமில்லை. உறுதி இன்னும் கிடைக்கவில்லை. நாளைக்கும் போகிறோம். அவள் பக்கத்திலேயே இருப்பேன், மதினி. அவள் தலைமேல் ஒரு கை விழ விடமாட்டேன்.

அண்ணன் இப்போது படுத்த படுக்கை. நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். "ராக்கு என்னய மன்னிச்சிருப்பாளா?" என்று தினமும் கேட்கிறான். நீ மன்னித்திருப்பாய், உன் குணம் அது. அடித்தவன் முகம்கூட எனக்கு மங்கிவிட்டது. ஊதச் சொன்ன தொரை செத்தும் போனான்.

கடைசி வாய்க் கஞ்சியும் என் கையால்தான் ஊட்டுவேன். ஆனால் மன்னிக்கமாட்டேன், என்னோடு கூடப்பிறந்த முத்துச்சாமியை.

அவன் தங்கை என்று கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

உன் நாத்தனார்,
மாரியாயி