கிருபாகரன் ஓட்டிய என் கார்

அன்புள்ள விஜி,

படாளத்தில் நீயும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ வேண்டாமென்று சொல்லியும், சிநேகிதன்தானே என்று கிருபாகரனுக்காக நான் கடன் போட்டு வாங்கிக் கொடுத்த கார், போன மாதம் செய்யூர் ரோட்டில் சைக்கிளில் போன ஒருவரை அடித்துவிட்டது. அவர் அங்கேயே இறந்துவிட்டார். கிருபாகரன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். ஆர்.சி.யில் என் பெயர் இருப்பதால் போலீஸ் என்னைத் தேடி வந்தது.

நேற்று இறந்தவரின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி யாருதுபா, ஓடிப்போனவனுதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "என்னுதும்மா" என்று வந்துவிட்டது.

அவர் எழுந்துபோய், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன், விஜி. நீயாவது வந்து திட்டு.

உன் வீட்டுக்காரன்